ஒரு தௌ என்றால் 0.03 அல்ல: ஆறு வாரச் செயலிப் பயிற்சி குறித்து

முதல் பாடக் காணொளியில் ஆசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அலகு மாற்றியைவிட எளிய செயலி கிடையாது. ஒரு பெருக்கல், ஒரு பொத்தான், முடிந்தது." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆறாவது வாரம், முன்பின் தெரியாத பதினாறு பேர் இணையவழியில் பார்த்துக்கொண்டிருக்க, "இது எந்தக் காலன்?" என்று ஒருவர் கேட்டார். பதில் தெரியாமல் நான் விழித்தபோது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது.

நான் நிரலாளன் இல்லை. இருபத்து மூன்று ஆண்டுகளாகக் கடைசல் பட்டறையில் வேலை. அதில் கடைசி ஒன்பது ஆண்டுகள் தர ஆய்வு மேசையில். கையில் மைக்ரோமீட்டர், எதிரில் வரைபடம். வரைபடங்களில் சில மில்லிமீட்டரில் வரும், சில அங்குலத்தில் வரும். அங்குலத்தில் வருவதை நாங்கள் தௌ கணக்கில் பேசுவோம். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு ஒரு தௌ. நாளுக்கு முப்பது நாற்பது முறை ஒன்றை மற்றொன்றாக மாற்ற வேண்டியிருக்கும். அதற்காகக் கைபேசியில் மூன்று அலகு மாற்றிகள் வைத்திருந்தேன். ஒன்று கணக்குக்குக் கணக்கு விளம்பரம் காட்டும். இன்னொன்றில் ஒளியாண்டு முதல் குதிரைத்திறன் வரை எல்லாம் உண்டு. நான் தேடும் தௌ மட்டும் பட்டியலின் அடியில் எங்கோ கிடக்கும். மூன்றாவது நல்ல செயலிதான், ஆனால் எழுத்து எறும்பு அளவு. எண்ணெய்ப் பிசுக்குக் கையோடு மூக்குக்கண்ணாடியைத் தேடிச் சலித்துப்போய், நமக்கு வேண்டியதை நாமே செய்துகொள்வோம் என்று இந்தப் பயிற்சியில் சேர்ந்தேன்.

நடத்துகிறவர்களின் பெயரை எழுதப்போவதில்லை. இதே பாடத்திட்டத்தைச் சற்றே மாற்றிப் பலரும் நடத்துகிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். குறைகளும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். ஆறு வாரங்கள். முதல் நான்கில் ஃபிளட்டர் என்ற செயலி கட்டும் கருவித் தொகுப்பைக் கொண்டு செயலியைக் கட்டுவது, ஐந்தாவதில் மெருகேற்றுவது, ஆறாவதில் அதை மற்றவர்கள் முன் விளக்கிக் காட்டுவது. பாடங்கள் பதிவு செய்யப்பட்ட காணொளிகள். சனிக்கிழமை தோறும் ஒரு மணிநேரம் நேரலையில் சந்தேகம் கேட்கலாம். இடையில் எழுத்தில் கேட்கும் கேள்விகளுக்கு வழிகாட்டி ஒருவர் பதில் தருவார்.

முதல் வாரத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. என்னைப் போன்றவர்கள் பெரும்பாலும் கைவிட்டு ஓடுவது கருவிகளை நிறுவும் கட்டத்தில்தான். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, அதற்கான துணைத் தொகுப்புகள், ஃபிளட்டர், கைபேசியில் மறைந்திருக்கும் டெவலப்பர் அமைப்புகள் என்று இரண்டு மாலைகள் முழுதாகப் போயின. ஆனால் ஆசிரியர் தன் கணினியில் வந்த பிழைகளை வெட்டி எடுக்காமல் காணொளியில் அப்படியே விட்டிருந்தார். அவருக்கு வந்த அதே சிவப்பு எழுத்து எனக்கும் வந்தபோது எவ்வளவு தெம்பாக இருந்தது என்று சொல்லி மாளாது. 'ஃபிளட்டர் டாக்டர்' என்று ஒரு கட்டளை உண்டு. கணினியைப் பரிசோதித்து எது சரி, எது கோளாறு என்று வரிசையாகக் குறி போட்டுக் காட்டும். எங்கள் மேசையில் நான் செய்யும் வேலையை ஒரு கட்டளை செய்வதைப் பார்த்து அதன்மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. நிரலில் ஒரு வரியை மாற்றிச் சேமித்தால் ஒரு நொடிக்குள் கைபேசித் திரை மாறுகிறதே, அந்த ஹாட் ரீலோட் வசதியும் அப்படித்தான். கருவியை மாற்றிவிட்டு இயந்திரத்தை நிறுத்தாமலே அடுத்த வெட்டு போடுவது போல.

இரண்டாவது வாரம் திரை அமைப்பு. எண்ணை உள்ளிட ஒரு பெட்டி, அலகுகளைத் தேர்ந்தெடுக்க இரண்டு பட்டியல்கள், கீழே விடை. ஆசிரியரின் திரையில் அலகுகள் இரண்டெழுத்துச் சுருக்கங்களாக இருந்ததால் எல்லாம் கச்சிதமாக அடங்கின. நான் 'கிலோமீட்டர்', 'மில்லிமீட்டர்' என்று தமிழில் முழுதாக எழுதினேன். திரையின் வலது ஓரத்தில் மஞ்சளும் கறுப்புமாகச் சாய்கோடுகள் தோன்றின, சாலை வேலை நடக்கும் இடத்தில் வைக்கும் தடுப்புப் பலகை போல. சொல் இடத்தை மீறி வழிகிறது என்பதற்கு அது அடையாளமாம். பட்டியலுக்குக் கிடைக்கும் அகலம் முழுவதையும் எடுத்துக்கொள்ளச் சொல்ல ஒரே ஒரு சொல்தான் சேர்க்க வேண்டியிருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. தமிழில் செயலி செய்ய விரும்புகிறவர்கள் கட்டாயம் சந்திக்கப்போகும் இந்தச் சங்கடத்தைப் பற்றிப் பாடத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை.

மூன்றாவது வாரத்தில்தான் எனக்குக் கோபம் வரத் தொடங்கியது.

அலகு மாற்றத்தின் இதயம் இந்த வாரம்தான். பாடத்தில் அதை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? 'மீட்டரிலிருந்து அடி என்றால் இதால் பெருக்கு, அடியிலிருந்து மீட்டர் என்றால் அதால் பெருக்கு' என்று ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கிளை. நான்கு அலகுகள் இருந்தால் பன்னிரண்டு கிளைகள். எனக்கு எட்டு அலகுகள் வேண்டும். எட்டை ஏழால் பெருக்கினால் ஐம்பத்தாறு. ஐம்பத்தாறு எண்களைக் கையால் எழுதி அதில் ஒன்றுகூடத் தப்பாமல் இருக்கும் என்று நம்புகிறவர் ஆய்வு மேசையில் ஒரு நாள்கூட உட்கார்ந்திருக்க மாட்டார். எந்த அலகையும் முதலில் மீட்டருக்குக் கொண்டுவந்து, மீட்டரிலிருந்து வேண்டிய அலகுக்குப் போனால் எட்டு எண்கள் போதும். புதிதாக ஓர் அலகைச் சேர்க்க ஒரே ஒரு வரி. எட்டாம் வகுப்பு மாணவனுக்கே புரியும் இந்த வழியை, 'மேலும் கற்க' என்ற தலைப்பின்கீழ் ஒரு சுட்டியாகத் தள்ளிவிட்டிருந்தார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது பாடத்தோடு கொடுத்த அட்டவணை. அங்குலம் 2.54 சென்டிமீட்டர் என்று சரியாக இருந்தது. பவுண்டு? 0.45 கிலோகிராம். திரும்பி வரும் வழியில் ஒரு கிலோகிராம் 2.2 பவுண்டு. நூறு பவுண்டைக் கிலோகிராமாக்கினேன்: 45. அந்த 45ஐ மறுபடி பவுண்டாக்கினேன்: 99. போய்த் திரும்பும் வழியில் ஒரு பவுண்டு காணாமல் போய்விட்டது. பவுண்டு என்பது 0.45359237 கிலோகிராம். இது யாரோ நிறுத்துப் பார்த்துத் தோராயமாகச் சொன்ன எண் இல்லை. அமெரிக்காவும் பிரிட்டனும் உள்ளிட்ட ஆறு நாடுகள் 1959இல் கூடி, கெஜம் 0.9144 மீட்டர், பவுண்டு 0.45359237 கிலோகிராம் என்று வரையறுத்துக்கொண்டவை இவை. அங்குலம் மிகச் சரியாக 25.4 மில்லிமீட்டர் ஆனதும் அதனால்தான். கெஜத்தை முப்பத்தாறால் வகுத்துப் பாருங்கள். வரையறையிலேயே முடிந்துபோன ஒரு எண்ணைச் சுருக்கி எழுதுவதற்கு என்ன அவசியம்? எட்டு இலக்கம் தட்டச்சு செய்வதற்கா கைவலி?

வெப்பநிலைப் பாடம் மட்டும் அந்த வாரத்தில் தேறியது. மற்ற அலகுகளைப் போல இதற்கு வெறும் பெருக்கல் போதாது, தொடங்கும் புள்ளியே வேறு என்பதை இரண்டு வெப்பமானிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டினார்கள். செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒரே எண்ணில் சந்திக்கும் இடம் மைனஸ் 40. அதைச் சோதனை எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார் ஆசிரியர். அருமையான யோசனை. சோதிக்கப் போனேன். என் கைபேசியில் அந்தப் பெட்டிக்காகத் திறந்த எண் விசைப்பலகையில் கழித்தல் குறியே இல்லை! குறியும் தசமப் புள்ளியும் வேண்டும் என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டுமாம். ஆசிரியர் கணினியின் விசைப்பலகையில் தட்டிக்கொண்டிருந்ததால் அவருக்கு இது தெரியவே இல்லை. போகட்டும், குறி வந்த பிறகு மைனஸ் 500 செல்சியஸ் என்று அடித்தேன். மைனஸ் 868 ஃபாரன்ஹீட் என்று பணிவாகப் பதில் சொன்னது. மைனஸ் 273.15க்குக் கீழே குளிர்வதற்கு இந்தப் பேரண்டத்தில் எதுவும் இல்லை என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நான்காவது வாரத்தில் பிழைகளைக் கையாளுதல் என்று ஒரு பாடம், பதினோரு நிமிடம். எண் பெட்டியைக் காலியாக விட்டால் என்ன ஆகும் என்று நான் சோதித்துப் பார்த்தேன். செயலி மூடிக்கொள்ளும் என்று நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. கணினியில் ஒரு பிழைச் செய்தி ஓடியது. கைபேசித் திரையில் பழைய விடை அப்படியே நின்றது. மூடிக்கொண்டிருந்தால்கூட நல்லதுதான். முன்பு அளந்த துண்டின் அளவைக் காட்டிக்கொண்டே ஓர் அளவுகோல் அசையாமல் நின்றால் அதை நம்பி எத்தனை துண்டுகளை வெட்டியிருப்போம்! எண்ணாக மாற்ற முடியாததைத் தந்தால் பிழை எறியாமல் 'ஒன்றுமில்லை' என்று திருப்பித் தரும் ட்ரைபார்ஸ் என்ற வழி, ஃபிளட்டரில் நிரல் எழுதும் டார்ட் மொழியிலேயே இருக்கிறது. அதைப் பாடத்தின் நடுவில் வைத்திருக்க வேண்டும். போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனார்கள். அதை வைத்துத்தான் பெட்டி காலியானால் விடையும் காலியாகும்படி செய்தேன். கூடவே '3/8' என்று பின்னமாக அடித்தாலும் புரிந்துகொள்ளும்படி ஒரு சிறு பகுதி எழுதிச் சேர்த்தேன். அங்குல வரைபடத்தைப் பார்க்கிறவன் 0.375 என்று மனக்கணக்குப் போட்டு அடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

இப்போது தலைப்பில் இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பாடத்தில் எல்லா விடைகளையும் இரண்டு தசமங்களுக்குச் சுருக்கிக் காட்டினார்கள். ஒரே கட்டளை, திரை சுத்தமாக இருக்கும். அதில் ஒரு தௌவை மில்லிமீட்டராக்கினேன். உண்மையான விடை 0.0254. திரையில் 0.03 என்று வந்தது. வித்தியாசம் வெறும் நான்கரை மைக்ரான் சொச்சம்தானே என்று கேட்கலாம். (ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்.) 25 மில்லிமீட்டர் துளைக்கு எச்7 என்ற பொருத்தம் குறிப்பிட்டிருந்தால் அங்கே அனுமதிக்கப்பட்ட மொத்த ஏற்ற இறக்கமே 21 மைக்ரான். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் செயலியே சாப்பிட்டுவிட்டால் இயந்திரத்துக்கும் ஆளுக்கும் என்ன மிச்சம்? மறுகோடியில், ஒரு மில்லிமீட்டரை மைலாக்கினால் 0.00. அதாவது ஒன்றுமே இல்லை!

வழிகாட்டிக்கு எழுதினேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது: "பெரும்பாலான பயனர்களுக்கு இரண்டு தசமம் போதுமானது, சார்." நான் மறுபடி எழுதினேன், இம்முறை எச்7 கணக்கோடு. அதற்கு ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது. புகார் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவருக்கும் நாற்பது பேருக்குப் பதில் சொல்லும் சுமை இருந்திருக்கும். ஆனால் அலகு மாற்றி என்பது எண்ணைக் காட்டும் கருவி. எத்தனை இலக்கம் காட்டுவது என்ற கேள்வி அலங்காரத்தைச் சேர்ந்தது என்று ஒரு பயிற்சி நினைத்தால் அது எதைக் கற்பிக்க வந்தது என்றே எனக்குப் புரியவில்லை.

சுருக்காமல் விட்டுவிடவும் முடியாது என்பதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்று மில்லிமீட்டரை 0.1ஆல் பெருக்கிச் சென்டிமீட்டராக்கினால் 0.30000000000000004 என்று வந்தது. முதலில் என் கைபேசிக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது: கணினி எண்களை இரண்டின் அடிப்படையில் வைத்துக்கொள்கிறது. நமக்கு மூன்றில் ஒன்று 0.333 என்று முடிவில்லாமல் போவது போல, அதற்குப் பத்தில் ஒன்று முடிவில்லாமல் போகிறது. எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும், அந்த வெட்டின் பிசிறுதான் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு. 0.1ஆல் பெருக்காமல் பத்தால் வகுத்தால் 0.3 என்று சுத்தமாக வருகிறது என்பதையும் கண்டுகொண்டேன். கடைசியில் தசமங்களை எண்ணுவதை விட்டுவிட்டு, பொருளுள்ள இலக்கங்கள், அதாவது பூஜ்ஜியம் அல்லாத முதல் இலக்கத்திலிருந்து எண்ணும் இலக்கங்கள், ஆறு என்று வைத்துக்கொண்டேன். பின்னால் வரும் வீண் பூஜ்ஜியங்களை நீக்கிவிடுவேன். இப்போது ஒரு தௌ 0.0254 என்றே வருகிறது, மூன்று மில்லிமீட்டர் 0.3 என்று வருகிறது. இந்த ஒரு முடிவுக்கு வர எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. பயிற்சியில் நான் உண்மையாகக் கற்றுக்கொண்ட நாட்கள் அவைதான், பயிற்சியின் உதவி இல்லாமல்.

ஐந்தாவது வாரம் வண்ணம், சின்னம், திறக்கும்போது சுழலும் படம். ஒரு மாலையில் பார்த்து முடித்துவிடலாம்.

ஆறாவது வாரத்தை நான் தொடக்கத்திலிருந்தே அலட்சியமாக நினைத்திருந்தேன். செயலியை விளக்கிக் காட்டுவதற்கு ஒரு வாரமா? படவில்லைகளும் பேச்சுப் பயிற்சியும் விற்பனைக்காரர்களுக்கு உரியவை, நமக்கு எதற்கு என்று இருந்தேன். அந்த வாரத்துக்கு வேறு ஓர் ஆசிரியை வந்தார். வந்தவுடன் மூன்று விதிகளைச் சொன்னார். ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது. மூன்று படவில்லைகளுக்கு மேல் கூடாது. பார்ப்பவர்களில் ஒருவர் தரும் எண்ணை, அவர் சொல்லும் அலகில், அவர்கள் கண்முன்னே மாற்றிக் காட்ட வேண்டும். மூன்றாவது விதியைக் கேட்டவுடன் நேரலையில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை.

அவர் தந்த குறிப்புகள் எல்லாம் பட்டறைக்காரனுக்குப் பிடித்த வகை. கைபேசியைக் கம்பியால் கணினியில் இணைத்து அதன் திரையைப் பெரிதாகக் காட்டும் ஒரு சிறு மென்பொருளைக் காட்டினார். அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள், உங்கள் குடும்பச் செய்திகள் எங்களுக்கு வேண்டாம் என்றார். சோதனை வடிவம் என்பதைக் குறிக்க மேல் மூலையில் 'டிபக்' என்று தெரியும் பட்டையை நீக்கச் சொன்னார். சோதனை வடிவம் மெதுவாக ஓடும் என்பதால் வெளியீட்டு வடிவத்தை நிறுவிக் காட்டச் சொன்னார். எல்லாம் கெட்டுப்போனால் போட்டுக் காட்ட ஒரு நிமிடக் காணொளியைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளச் சொன்னார். முதல் எண்ணாக, கேட்பவர் மனத்துக்குள்ளேயே சரிபார்க்கக்கூடிய ஒன்றைக் கொடுங்கள் என்றது எனக்கு மிகவும் பிடித்தது. பத்து அங்குலம், 254 மில்லிமீட்டர். அதை நம்பிவிட்டால் அடுத்த எண்ணையும் நம்புவார்கள்.

ஒத்திகையில்தான் என் செயலியின் வண்டவாளம் தெரிந்தது. நீளத்தில் 'மீட்டர்' தேர்ந்தெடுத்திருந்த நிலையில் 'எடை' என்ற பிரிவுக்கு மாற்றினேன். திரை முழுவதும் சிவப்பு, நடுவில் மஞ்சள் எழுத்து. எடைப் பட்டியலில் மீட்டர் என்று ஒன்று இல்லை. ஆனால் தேர்வு இன்னும் மீட்டரிலேயே நின்றுகொண்டிருந்தது. வாடகைக்காரர் காலி செய்யாமலே வீட்டை வேறொருவருக்குக் கொடுத்த கதைதான். பிரிவு மாறும்போதே இரண்டு தேர்வுகளையும் புதிய பட்டியலின் முதல் அலகுக்கு மாற்றினால் தீர்ந்தது. நான்கு வாரம் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தபோது ஒருமுறைகூட நான் பிரிவை அந்த வரிசையில் மாற்றவே இல்லை. பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கை வேறு மாதிரி நகர்கிறது.

விளக்கும் நாளில் பதினேழு பேர் பேசினோம். அதில் பதினொருவர் தொடங்கியது செவ்வாய்க் கலத்தின் கதையோடு. படவில்லை மாதிரியில் அது ஏற்கெனவே இருந்ததுதான் காரணம். 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை நெருங்கும்போது அழிந்தது. தரையில் ஒரு மென்பொருள் கலத்தின் உந்துதலைப் பவுண்டு-விசை நொடி என்ற அலகில் கணக்கிட்டுத் தந்த எண்ணை இன்னொரு மென்பொருள் நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டது. ஒன்றுக்கு ஏறத்தாழ 4.45 மடங்கு பிசகு. நல்ல கதைதான். ஆனால் பதினொரு முறை கேட்டால் எந்தக் கலமும் ஒருமுறையாவது பத்திரமாகப் போய்ச் சேராதா என்று தோன்றிவிடும். இன்னொன்றும் உண்டு: அங்கே இருந்தவர்களிடம் அலகு மாற்றி இல்லாததால் அது நடக்கவில்லை. மாற்ற வேண்டும் என்றே யாருக்கும் தெரியாமல் போனதால் நடந்தது. அலகு எழுதாத எண் கைமாறிப் போவதை நம் செயலிகளும் தடுப்பதில்லை.

நான் வேறு சம்பவத்தை எடுத்துக்கொண்டேன். 1983 ஜூலையில் கனடாவில் ஒரு போயிங் 767 விமானம் நடுவானில் எரிபொருள் தீர்ந்து, இயந்திரங்கள் நின்று, மிதந்தே வந்து கிம்லி என்ற இடத்தில் இருந்த பழைய விமானத் தளத்தில் இறங்கியது. அனைவரும் உயிர் தப்பினார்கள். லிட்டரை எடையாக மாற்ற அன்று பயன்படுத்திய எண் 1.77. அது லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு. புதிய விமானத்துக்கு வேண்டியிருந்ததோ கிலோகிராம் கணக்கு, ஏறத்தாழ 0.8. விளைவு, தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருள். இதைச் சொல்லிவிட்டு என் செயலியின் நகலெடுக்கும் பொத்தானைக் காட்டினேன். அதை அழுத்தினால் வெறும் 9.525 நகலாகாது, '9.525 மி.மீ.' என்று அலகோடு சேர்ந்துதான் நகலாகும். ஆசிரியை தலையசைத்தார். எனக்கும் தலை கொஞ்சம் கனத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கனம் இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. கொள்ளளவுப் பிரிவில் கேலன் என்ற அலகை நான் தமிழில் 'காலன்' என்று எழுதியிருந்தேன். ஒரு பங்கேற்பாளர், "ஐயா, பட்டியலில் எமன் இருக்கிறானே?" என்றார். எல்லோரும் சிரித்து முடிப்பதற்குள் இன்னொருவர் கேட்டார்: "அது சரி, எந்தக் காலன்? அமெரிக்காவுடையதா, பிரிட்டனுடையதா?" ஒன்று 3.785411784 லிட்டர், மற்றது 4.54609 லிட்டர். இருபது சதவீத வித்தியாசம். பாட அட்டவணையில் இருந்த 3.785ஐ அப்படியே எடுத்துப் போட்டிருந்த நான், அதில் இரண்டு வகை உண்டு என்றே அறியாமல் இருந்தேன். 0.03க்காக வழிகாட்டியோடு சண்டை போட்டவன்!

பிறகு ஒரு செவிலியர் பேசினார். இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றும் வரும், லிட்டருக்கு மில்லிமோல் என்றும் வரும், அதை மாற்றித் தருமா என்று கேட்டார். சர்க்கரைக்கு 18ஆல் வகுக்க வேண்டும், கொழுப்பான கொலஸ்ட்ராலுக்கு ஏறத்தாழ 38.67ஆல் வகுக்க வேண்டும் என்று அவரே சொன்னார். அலகு இரண்டும் ஒன்றுதான், பொருள் மாறினால் எண் மாறுகிறது. என் எட்டு வரி அட்டவணையில் அதற்கு இடமே இல்லை. "இது வராது அம்மா" என்று சொல்லி முடித்தேன். ஆசிரியை குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். மறுநாள் வந்த மதிப்பீட்டில் அந்தப் பதிலுக்குத்தான் அதிக மதிப்பெண் இருந்தது.

சேரலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒரு செயலியை முதல்முறையாக உங்கள் கைபேசியில் ஓட வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் முதல் வாரத்துக்காகச் சேரலாம். செய்ததைக் காட்டவே கூச்சப்படுகிறவர் என்றால் ஆறாவது வாரத்துக்காகக் கட்டாயம் சேருங்கள். அந்த ஆசிரியை மட்டும் தனியாக வகுப்பு நடத்தினால் மறுபடி போவேன். நிரலெழுத ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு நடுவில் இருக்கும் நான்கு வாரங்களில் ஒன்றுமில்லை. தெரியாதவர்கள் அந்த வாரங்களில் கொடுக்கும் எந்த எண்ணையும் சரிபார்க்காமல் எழுத வேண்டாம். பயிற்சி முடிந்ததும் தங்க நிற விளிம்போடு ஒரு சான்றிதழ் தருகிறார்கள். என்னுடையதில் பெயர் சரியாக இருக்கிறது.

செயலி இப்போது ஆய்வு மேசையில் என் கைபேசியில் ஓடுகிறது. எழுத்து பெரியது, தௌ முதல் வரியில் இருக்கிறது. 'கேலன்' என்று எழுத்தை மாற்றி, அமெரிக்க கேலன், இம்பீரியல் கேலன் என்று இரண்டாகப் பிரித்துவிட்டேன். பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் தம்பி ஒருவன் தன் கைபேசியிலும் ஏற்றிக்கொண்டான். "அண்ணே, எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்க முடியாதா?" என்று கேட்கிறான். அவனுக்கு வயது இருபத்திரண்டு.

பவுண்டு அட்டவணையைத் திருத்தச் சொல்லி நடத்துகிறவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன், எட்டு இலக்கமும் தெளிவாக எழுதி. நன்றி சொல்லி, அடுத்த தொகுதியில் திருத்திவிடுகிறோம் என்று பதில் போட்டார்கள். போன வாரம் அடுத்த தொகுதிக்கான முன்னோட்டக் காணொளி வந்தது. ஆசிரியர் அதே சிரிப்போடு நிற்கிறார். பின்னால் திரையில் பவுண்டு 0.45.